அளவும் வாய்மையும்

அளத்தல் அறிவியலின் முதற்படி. அளந்ததை அளந்தவாறே உரைத்தல் அதன் ஒழுக்கம். எண்ணோடு அலகையும் தவறாது எழுதுதல் அவ்வொழுக்கத்தின் ஒரு கூறு. அளவுகோல் அறிவித்ததற்கு மேல் ஓர் இலக்கமும் கூட்டாமை மற்றொரு கூறு.

அலகை மறத்தலால் விளையும் கேடு சிறிதன்று. அமெரிக்க நாட்டார் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அழிந்தது. அதன் உந்துபொறிகளின் கணத்தாக்கை ஒரு குழுவினர் பவுண்டு விசை-நொடியில் கணக்கிட்டனர். மற்றொரு குழுவினர் அதனை நியூட்டன்-நொடி என்றே கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். அலகு மாறியமையால் கலமும் வழி தவறிற்று.

இனி, இலக்கங்களைக் காண்போம். சென்னையில் நிலத்தைக் ‘கிரவுண்டு’ என்னும் அளவால் கூறுவது வழக்கம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. தியாகராய நகரில் 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள மனை ஒன்றை, அடிக்கு உட்பட்ட பின்னங்களை நோக்காமல், மாணவன் ஒருவன் அளந்தான் என்று கொள்க. ஓர் அடி 0.3048 மீட்டர் என்பது வரையறை, அதில் ஐயமில்லை. கணிப்பொறியோ 222.967296 சதுர மீட்டர் என்று விடை காட்டும். அவன் அதனை அப்படியே எழுதலாமா?

எழுதலாகாது. ஒவ்வொரு பக்கமும் அரையடி கூடியோ குறைந்தோ இருத்தல் கூடும். ஆகவே மனையின் பரப்பு 218 முதல் 228 சதுர மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். மூன்றாம் இலக்கமே ஐயத்திற்குரியதாயின், அதற்குப் பின்வரும் ஆறு இலக்கங்களுக்கு என்ன பொருள்? இரண்டு முக்கிய எண்ணுருக்களோடு 2.2 × 10² சதுர மீட்டர் என்று எழுதுவதே நேர்மை. இடையிலுள்ள கணக்குகளில் இலக்கங்களைக் காத்து, இறுதி விடையில் மட்டும் முழுமையாக்குதல் முறை.

இலக்கம் பெருகினால் நுட்பமும் பெருகும் என்று கருதுவார் உளர். அலகை மாற்றுவதால் நுட்பம் பிறவாது. அளக்கும் உழைப்பினாலேயே அது பிறக்கும். 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையை அடுத்து ஏறத்தாழ 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெப்பத்தால் எஃகு நீளுமாதலின், வெப்பநிலையையும் உடன் குறித்துத் திருத்தம் செய்தார். அத்தகைய உழைப்பே ஒவ்வோர் இலக்கத்தையும் எழுதும் உரிமையைத் தருவது.

ஆதலின் ஆய்வகக் குறிப்பேட்டில் மாணவர் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சான்றுரை ஆகும். அறிந்ததைக் குறையாமலும் அறியாததைக் கூட்டாமலும் எழுதப் பழகுவாராக.