காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை முதலில் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கு, முதல் மாதத்திலேயே அதன் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. கண்ணில் பட்ட சாப்ட்வேரை எல்லாம் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்கின்றனர். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கின்றனர். சில நாட்களில் கம்ப்யூட்டர் பழைய வேகத்தில்கூட ஓடுவதில்லை. இதே கதை இப்போது கார்களிலும் நடக்கிறது. டர்போ இன்ஜின் உள்ள பழைய கார் ஒன்றை வாங்கி, பாகங்களை மாற்றி, லேப்டாப்பை இணைத்து "ட்யூன்" செய்யும் ஆர்வம் பல இளைஞர்களிடம் உள்ளது.

வட சென்னையில் இந்த ஆர்வம் இருப்பதில் வியப்பில்லை. டோல்கேட்டுக்கு வடக்கே திருவொற்றியூரில் 1955 முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. எண்ணூரில் இருப்பது, 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அசோக் லேலண்ட். கார் பந்தயங்களுக்குப் பெயர் பெற்ற சோழவரம் விமான ஓடுதளமும் தொலைவில் இல்லை. இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் இன்றைய இன்ஜினைக் கட்டுப்படுத்துவது ஸ்பேனர் அல்ல. இசியு எனப்படும் சிறிய கம்ப்யூட்டர். எனவே நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்ப்யூட்டர் சொல்வதை முழுமையாகப் படிக்காமல், அதில் எதையும் எழுதாதீர்கள்.

டர்போ செயல்படும் விதம் எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் எரிபொருளையும் அதிகமாக எரிக்கலாம், சக்தி கூடும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் தீப்பொறி என்பதை எல்லாம் சென்சார்கள் தரும் தகவலை வைத்து இசியு கணக்கிடுகிறது. தவறான தகவல் போனால் தவறான விடைதான் வரும். இது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான விதி.

இந்தத் தகவல்களை நீங்களும் பார்க்கலாம். ஸ்டியரிங்கின் கீழே 16 பின்கள் கொண்ட ஓபிடி என்ற சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996ல் இதன் இரண்டாம் வடிவம் கட்டாயமானது. நம் நாட்டில் 2013க்குப் பின் விற்பனையான பெரும்பாலான கார்களிலும் இது உண்டு. விலை குறைந்த புளூடூத் அடாப்டர் ஒன்றை இதில் செருகி, மொபைல் போனிலோ லேப்டாப்பிலோ சென்சார் அளவுகளைக் காணலாம்.

ஓர் எளிய சோதனையைப் பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்திடுங்கள். காற்றழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். டோல்கேட் கடலோரப் பகுதி என்பதால் இது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஊட்டியில் சுமார் 78 காட்டினால் சரி. டோல்கேட்டில் 78 காட்டினால் சென்சாரிலோ ஒயரிங்கிலோ பழுது. அடுத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்டேஜ் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். கடல் காற்றின் உப்பு எர்த் இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், நம் பகுதியில் இதனை அவசியம் பார்க்க வேண்டும்.

பி0299 என்ற எரர் கோடு வந்தால் பலர் "டர்போ போய்விட்டது" என்று முடிவு கட்டி, பெருந்தொகை செலவழித்துப் புதிய டர்போவை மாட்டுகின்றனர். டர்போ அழுத்தம் போதவில்லை என்பது மட்டுமே அந்தக் கோடின் பொருள். ரப்பர் ஹோஸில் உள்ள ஒரு சிறு விரிசலோ, தளர்ந்த கிளாம்ப்போ காரணமாக இருக்கலாம். கோடை அழித்துவிட்டால் பழுது போய்விடாது. பழுது ஏற்பட்ட நேரத்தில் இசியு பதிவு செய்து வைத்த விவரங்கள்தான் போய்விடும். எனவே அழிக்கும் முன் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே வெயிலில் ஊர்ந்து செல்லும்போது சக்தி குறைந்தால், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். காற்று சூடானால், இன்ஜினைக் காப்பாற்ற இசியு தானே சக்தியைக் குறைக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

இவற்றைப் பார்க்காமல், யாரோ கொடுத்த ட்யூனிங் பைலை இசியுவில் ஏற்றுவது ஆபத்தானது. வெளிநாட்டில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதப்பட்ட பைல், 20 சதவீதம் எத்தனால் கலந்த நம்மூர் பெட்ரோலுக்குப் பொருந்தும் என்று எப்படி நம்புவது? எரிபொருள் தவறான நேரத்தில் வெடித்தால் பிஸ்டன் உடைந்துவிடும். பைலை ஏற்றும்போது பேட்டரி இறங்கிவிட்டால், பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனது போல் இசியு செயலிழந்து போகலாம். ஒரிஜினல் பைலுக்கு பேக்கப் இல்லை என்றால் திரும்பிப் போகவும் வழியில்லை.

"என் கார், என் பணம், உங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. புகை உங்கள் காருக்குள் நிற்பதில்லையே! சாப்ட்வேரை மட்டும் மாற்றி எவ்வளவு புகையை மறைக்கலாம் என்பதை 2015ல் வெளியான போக்ஸ்வேகன் மோசடி காட்டியது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் அந்த சாப்ட்வேர் இருந்தது. புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அது இருப்பது போல் இசியுவை நம்ப வைப்பதும் அதே வகை மோசடிதான். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009லேயே மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அதன் அருகில் வாழும் நாம், நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றில் மேலும் கரியைக் கலக்கலாமா?

சட்டமும் இதனை அனுமதிக்கவில்லை. தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விதிகளுக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. வேகம்தான் வேண்டும் என்றால், பந்தயத்துக்கென்று தனிக் கார் வைத்துக் கொண்டு, 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் போன்ற இடத்தில் ஓட்டலாம்.

ஆர்வத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. முதல் மாதம் அளவுகளைப் பதிவு மட்டும் செய்திடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், டிராபிக்கில், நெடுஞ்சாலையில் என்று தனித்தனி பைல்களாகச் சேமித்து ஒப்பிடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் சரி செய்து, மீண்டும் பதிவு செய்திடுங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எதனால் பலன் கிடைத்தது என்பது தெரியாமல் போகும். கிழிந்த ஹோஸையும் அரித்த எர்த் ஒயரையும் மாற்றியபின், காணாமல் போனதாக நினைத்த வேகம் திரும்பி வந்திருப்பதைப் பலர் காண்பார்கள். அதற்கு எந்தப் பைலையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.