எந்த ஜன்னலில் மனு கொடுப்பது?

மாமல்லபுரத்திலிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே போனால் கல்பாக்கம். அணுமின் நிலைய வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் செங்கல்பட்டு மாவட்டப் போலீஸ் அல்ல, ஒன்றிய அரசின் தொழில் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள். சொந்த ஊர் எங்கெங்கோ, உத்தரவு டெல்லியிலிருந்து. மறியல், தடியடி என்று பேச்சு வந்தால் எந்த டீக்கடையிலும் ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்: “லோக்கல் போலீஸ் கட்சிக்காரன் சொல்றதக் கேப்பான். சென்ட்ரல் போர்ஸ இறக்குனாத்தான் நியாயமா நடக்கும்.”

தேர்தல் வந்தால் தமிழ்நாடு முழுக்க இதே பாட்டு.

நெய்வேலிக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். 2014 மார்ச் 17 அன்று அங்குள்ள இரண்டாம் நிலக்கரிச் சுரங்கத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றது சி.ஐ.எஸ்.எஃப். வீரரின் துப்பாக்கி. நியாயம் கேட்டுத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது தடியடி. மேற்கு வங்கத்தின் சீதல்குச்சியில் 2021 ஏப்ரல் 10 அன்று வாக்குச்சாவடி அருகே நான்கு பேரைச் சுட்டதும் அதே படைதான். நடுநிலையாகத் தேர்தல் நடத்த அனுப்பப்பட்டவர்கள்!

தமிழ்நாடு போலீஸ் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். இல்லை. 2018 மே 22, 23, தூத்துக்குடி: போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள். போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று ரஜினிகாந்த் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொன்னார்கள். மாநில அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், தப்பி ஓடியவர்களைப் போலீஸ் சுட்டதாக எழுதியது. 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குச் சிபாரிசு செய்தது. தண்டனை தனிக்கதை. ஆனால் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. சட்டமன்றத்தில் அறிக்கை வைக்கப்பட்டது.

டெல்லியின் படை அடித்தால்? மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அதிகாரமில்லை. தேசிய ஆணையத்துக்குப் போனால், 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: ஒன்றியத்தின் ஆயுதப் படைகள் மீது புகார் வந்தால், ஆணையம் ஒன்றிய அரசிடமே அறிக்கை கேட்கலாம், பிறகு பரிந்துரை செய்யலாம். தானே விசாரிக்க வழியில்லை. அடித்தவரின் முதலாளியிடமே “அடித்தாரா?” என்று கேட்கிற ஏற்பாடு இது. இதைத்தான் நியாயம் என்று டீக்கடையில் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சட்டம் 2006இலும் 2019இலும் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போகும் 39 பேரும் ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்த 19ஆம் பிரிவை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேளுங்கள்.