இரவல் நிரல்

“ஒருவர் செய்து வைத்ததை மற்றொருவர் மீண்டும் செய்வானேன்?” என்னும் வாசகம் மென்பொருள் எழுதுவோர் பலரிடையே வேதவாக்காக வழங்குகிறது. செவிக்கு இனிக்கும் இவ்வாசகம் பல இடங்களில் சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயரேயன்றி வேறில்லை.

மென்பொருளின் எல்லாப் பகுதிகளையும் ஒருவரே எழுதுவது அரிது. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வர். ஓர் ஆணையிட்டால் தொகுப்பு வந்து சேரும். அது நம்பியிருக்கும் வேறு தொகுப்புகளும், அவை நம்பியிருப்பனவும் அழையா விருந்தினராய் உடன்வரும். வந்தவர் யாவர், எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்போர் எத்துணைச் சிலர்!

‘லெஃப்ட்-பேட்’ என்றொரு தொகுப்பு. 7 என்னும் எண்ணை 007 என எழுத, இடப்பக்கம் வேண்டிய அளவு நிரப்புவதே அதன் வேலை. மொத்தம் 11 வரி. ஜாவாஸ்கிரிப்ட் பயிலும் மாணவனும் எழுதிவிடக்கூடியது. பெயர் உரிமை பற்றிய பிணக்கினால், அதை எழுதியவர் 2016 மார்ச் 22 அன்று தம் படைப்புகள் அனைத்தையும் என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார். உடனே உலகெங்கும் மென்பொருள் கட்டும் பணிகள் முறிந்து விழுந்தன. அப்படியொரு தொகுப்பு இருப்பதையே அறியாதோரும் திகைத்து நின்றனர். களஞ்சியத்தை நடத்திய நிறுவனம் சில மணி நேரத்தில் அதை மீட்டு வைத்தது. (மறு ஆண்டே இவ்வேலைக்குரிய வசதி அம்மொழியின் தரத்திலேயே சேர்ந்துவிட்டது.) 11 வரி எழுதச் சோம்பியதற்கு இது கொடுத்த விலை அன்றோ?

“அங்ஙனமாயின் அனைத்தையும் நாமே எழுதுவதா?” எனச் சினந்து வினவுவர். அதுவும் பேதைமையே. மறைச்சொற்களைக் காக்கும் குறியாக்க முறையை ஒருவர் தம் மேசையிலிருந்தே புதிதாகப் படைக்க முற்படின் கள்வனுக்குக் கதவைத் திறந்தவராவார். வல்லுநர் பலர் ஆண்டுக்கணக்கில் சோதித்ததை அங்கே இரவல் பெறுவதே அறிவுடைமை. ஆயினும் இரவல் பெற்றவர் உறங்கிவிடலாகாது. தரவைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்னும் தொகுப்பு உலகின் எண்ணற்ற கணினிகளில் உள்ளது. அதைப் பேணியவரோ ஊதியமில்லாத் தன்னார்வலர் ஒருவர். உதவ வந்தவர்போல் ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், பிறர் கணினிக்குள் நுழையும் கள்ள வழியொன்றை 2024இல் அதனுள் ஒளித்து வைத்தார். உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்ற ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதைத் துருவிக் கண்டு, அவ்வாண்டு மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். அவர் அந்த அரை நொடியைப் பொருட்படுத்தாதிருந்தால்?

ஆகவே “இது வேலை செய்கிறதா?” என்னும் வினா போதாது. இதை நாமே எழுத எத்தனை நாள் ஆகும்? இதைப் பேணுவோர் யார், எத்தனை பேர்? உடன்வரும் தொகுப்புகள் எவை? நாளை இது மறைந்தால் நம் வேலை நிற்குமா? இவற்றுக்கு விடை சொல்ல இயலாதவர் தொகுப்பைச் சேர்க்க உரிமையற்றவர். வேண்டியது சில வரிகளே எனின், உரிமம் இடந்தரும் பட்சத்தில், எழுதியவர் பெயரோடு அவற்றைத் தம் நிரலுக்குள்ளேயே பெயர்த்து வைத்துக்கொள்ளட்டும். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.