தள்ளாதீங்க, தடையை எடுங்க

ஜவ்வாது மலைக்குப் புதுசா எந்தத் திட்டம் வந்தாலும் மூணே மாசத்துல ஒரு புகாரும் வந்துடும்: "ஸ்டாஃப் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க." இந்தப் புகாருக்கு எண்பது வருஷம் முன்னாடியே பதில் சொன்னவர் கர்ட் லெவின். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

லெவின் ஜெர்மானிய யூதர், உளவியலாளர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ல் அமெரிக்கா போனார். இரண்டாம் உலகப் போர்ல அங்கே இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் மாதிரி உள்ளுறுப்புகளை வீட்ல சமைக்க வைக்கணும்னு அரசு நினைச்சது. அந்தப் பெண்களுக்கு அது அருவருப்பு. (நம்ம ஊர்ல ஈரலுக்கு அடிதடியே நடக்கும்.)

ஒரு பகுதிக் குழுக்களுக்கு சத்து, சிக்கனம், தேசபக்தி எல்லாம் கலந்து நல்ல சொற்பொழிவு. மத்த குழுக்கள்ல "உங்களை மாதிரி பெண்கள் இதைச் சமைக்க என்ன தடை?"ன்னு பேசவிட்டு, கடைசியில் கையுயர்த்தி அவங்களே முடிவெடுத்தாங்க. சொற்பொழிவு கேட்டவங்கள்ல புதுசா சமைச்சது 3%. பேசி முடிவெடுத்தவங்கள்ல 32%.

மேலாண்மைப் பாடத்துல லெவின்னா "உருக்கு, மாற்று, உறையவை" மட்டும்தான் சொல்லித் தர்றாங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் படுவது அவரோட இன்னொரு கருத்து. எந்தப் பழக்கத்துக்கும் தள்ளுற விசை ஒரு பக்கம், தடுக்குற விசை மறுபக்கம். தள்ளுறதைக் கூட்டினா இறுக்கம்தான் கூடும். தடையைக் குறைச்சா மாற்றம் சுலபமா நடக்கும்.

"அதெல்லாம் அமெரிக்கா சார்" என்பீங்க. சரி, அகமதாபாத் காலிகோ மில். தானியங்கித் தறி வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறலை. 1953ல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். தறிக்கூடத்துல ஆளுக்கொரு துண்டு வேலை, யாரும் யாரோடும் ஒரு குழு இல்லை. சில தறிகளுக்கு ஒரு குழு முழுப் பொறுப்புன்னு யோசனை சொன்னார். குழுவை அமைச்சது தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும். உற்பத்தி ஏறுச்சு, துணி சேதம் குறைஞ்சது.

இப்ப நம்ம மலைக்கு வாங்க. கிராம சுகாதார செவிலியர் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க மேடு பள்ளம் ஏறி இறங்கிப் போறாங்க. பார்த்ததை ரெஜிஸ்டர்ல எழுதணும், அதையே ஆப்லயும் ஏத்தணும். சிக்னல் கிடைக்கலைன்னா ராத்திரி வீட்டுல உட்கார்ந்து ஏத்தணும். தாமதமானா விளக்கம் கேட்டு மெமோ. மெமோ தள்ளுற விசை. சிக்னலும் இரட்டை எழுத்து வேலையும் தடுக்குற விசை. பத்து மெமோ கொடுத்தாலும் டவர் முளைக்காது.

நம்ம துறைக்கே இது தெரியாத விஷயம் இல்லை. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவ காத்திருப்பு அறை கொண்டு வந்தாங்களே, அது என்ன? "வீட்டுப் பிரசவம் ஆபத்து"ன்னு எத்தனை தடவை சொன்னாலும், நடுராத்திரி வலி வந்தா வண்டி எட்டாத குக்கிராமத்துல இருந்து எப்படி வருவாங்க? நாள் நெருங்கும்போதே வந்து தங்கிக்கோங்கன்னு இடம் கொடுத்தா, அந்தத் தூரம் என்ற தடை போயிடுது. தாய்க்குச் செஞ்சதைச் செவிலியருக்கும் செய்யலாமே?

ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி அட்டவணையை ஓட்டுக்கு விடச் சொல்லலை. மேலே முடிவாகிட்ட விஷயத்தை "உங்க கருத்து என்ன?"ன்னு கேட்கிறதும் நாடகம், செவிலியர்கள் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. உண்மையில் திறந்திருக்கிற கேள்வியைக் கேளுங்க: ரெஜிஸ்டர், ஆப் ரெண்டுல எதை நிறுத்தலாம்? பதிவு ஏத்த எந்த ஊர், எந்த நேரம் தோது? அடுத்த ரிவ்யூ மீட்டிங்ல முதல் அரை மணி நேரம் அவங்க பேசட்டும், பவர்பாயிண்ட் அப்புறம்.