மூத்திரத்துணி மாற்றுகிறவள் கட்டிய தவணை

நகைக்கடன் பாக்கிக்காரருக்கு ஏல நோட்டீஸ் அனுப்புவது வங்கியில் என் வேலை. கடன் வாங்குனவன்தான் கட்டணும். பத்தாயிரம் ரூபாய்க்காரருக்கு இதில் விலக்கு கிடையாது. பெரும்பணத்துக்கு உண்டு தோழர்களே.

2007இல் அமெரிக்காவில் கார்லைல் என்கிற தனியார் முதலீட்டு நிறுவனம், நூற்றுக்கணக்கான முதியோர் பராமரிப்பு இல்லங்களை நடத்திய மேனர்கேர் கம்பெனியை 630 கோடி டாலருக்கு வாங்கியது. பெரும்பகுதி கடன். அந்தக் கடனை வாங்கினவன் தலையில் அல்ல, வாங்கப்பட்ட இல்லங்களின் தலையிலேயே கட்டினார்கள். மாட்டை வாங்க வந்தவன் மாட்டின் பேரிலேயே கடன் எழுதி, பாலைக் கறந்து தவணை கட்டுகிற மாதிரி. 2011இல் நிலத்தையும் கட்டிடங்களையும் சுமார் 610 கோடி டாலருக்கு இன்னொரு கம்பெனிக்கு விற்றார்கள். கார்லைல் போட்ட முதல் திரும்பிவிட்டது. கிழவியின் கட்டில் அதே இடத்தில்தான் கிடந்தது, ஆனால் அதற்கு இப்போது வாடகை. அதுவும் வருஷா வருஷம் ஏறுகிற வாடகை. 2018இல் மேனர்கேர் திவால்.

அரசு மெடிகேர் கட்டணத்தைக் குறைத்ததுதான் காரணம் என்றது கார்லைல். குறைத்தது நிஜம்தான். சொந்தக் கட்டிடம் இருந்திருந்தால் அந்த அடியைத் தாங்கியிருக்கலாமே, அதை வித்துத் தின்னது யாரு?

வாடகைக்காரன் காத்திருக்க மாட்டான். ஆளைத்தான் குறைக்கணும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப்போட்டு, மலம் கழுவி, மூத்திரத்துணி மாற்றுகிற உதவியாளர்கள் அங்கே பெரும்பாலும் பெண்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். புரட்ட ஆள் வராத முதுகில் படுக்கைப்புண் வரும். இப்படித் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய இல்லங்களைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் 2021இல் எழுதினார்கள். குறுகிய காலம் தங்கிய மெடிகேர் நோயாளிகளின் சாவு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. 12 ஆண்டுகளில் சுமார் 20,000 உயிர். மனநோய்க்கான மாத்திரை கொடுப்பதும் 50 சதவீதம் அதிகம். ஆளில்லையா, மாத்திரையைப் போட்டுத் தூங்க வை.

‘இது மூலதனத்தின் கொள்ளை, அவ்வளவுதான்’ என்று மார்க்சியத் தோழர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதானா? எந்தக் கூலியை முதலில் வெட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மூலதனத்துக்கு எப்படித் தெரிந்தது? அடுத்தவர் கழிவைத் தொடுகிற கையை மட்டமாக வைத்திருக்கும் சமூகம் அதை முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறது. அங்கே நிறம் சொல்லிக் கொடுத்தது. இங்கே யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சேரியில் பிறந்த எனக்கு விளக்க வேண்டாம். இன்னொன்றையும் தோழரிடம் கேட்டேன். இந்த மாதிரி முதலீட்டு நிதிகளில் ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணமும் கிடக்கிறதே, அவர்களை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்? இன்னும் பதில் வரவில்லை.