தண்ணி பட்டதெல்லாம் குப்பை இல்லை



இந்த வார எபிசோடில் ஃபோன்களின் ஐபி68 ரேட்டிங் பற்றிப் பேசினோம். அது நல்ல தண்ணீரில், லேபில் எடுத்த அளவு. நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் கொடுத்த வாக்குறுதி இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லாமல் விளம்பரம் செய்ததற்காக, 2022-ல் ஆஸ்திரேலியாவில் சாம்சங் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. ஆனா நம்ம ஊருக்கு ஃபோனை விடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு: பேஸ்மென்ட்டில் தண்ணி புகுந்த பிறகு அங்கே இருந்த சாமான்களை என்ன செய்வது?

மிசிசாகாவில் இது கற்பனைக் கேள்வி இல்லை. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மி.மீ. மழை. நூற்றாண்டு மழைன்னு பேசிக்கிட்டாங்க. 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98 மி.மீ. ஒரே மாதம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று 128 மி.மீ., பழைய சாதனையும் போச்சு. ஜூலை மழைக்கு மட்டும் இன்சூரன்ஸ் இழப்பு 94 கோடி டாலருக்கு மேல். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் தெருவோரம் பார்த்தால் டிவி, வாஷர், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே குவியல்.

அந்தக் குவியலில் பாதி போக வேண்டியதுதான். மீதிப் பாதி போகுறது தண்ணியால இல்லை, நமக்குத் தகவலும் உதிரிபாகமும் கிடைக்காததால என்பது என் கட்சி.

முதல்ல, தண்ணி என்ன செய்யுதுன்னு பார்ப்போம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். பேஸ்மென்ட்டுக்குள் வருவது மண், உப்பு, சில சமயம் சாக்கடையும் கலந்த தண்ணி. போர்டில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இது பட்டால், ஒரு முனையில் உலோகம் கரைந்து அடுத்த முனையில் படிந்து முடி போல வளரும், ஷார்ட் ஆகும். இது நிமிடக் கணக்கில் நடக்கும் வேலை. மின்சாரம் இல்லாத போர்டிலும் அரிப்பு உண்டு, ஆனா மெதுவா. அதனால "ஆன் ஆகுதான்னு ஒரு தடவை பார்ப்போம்" என்கிற அந்த ஒரு தடவைதான் பல பொருள்களைக் கொல்லுது.

அரிசிப் பைக்கும் இதே பதில்தான். ஈரம் எப்படியும் காயும். உப்பு போர்டிலேயே தங்கும். ஐஃபோனை அரிசியில் போடாதீங்கன்னு 2024-ல் ஆப்பிளே தன் சப்போர்ட் பக்கத்தில் எழுதிவிட்டது. தேவை காய வைப்பது மட்டும் இல்லை, கழுவுவது: பேட்டரியைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, பொறுமையாக உலர்த்துவது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

ஆனா எல்லாத்தையும் கழுவலாம்னு நான் சொல்ல வரலை. மூணா பிரிச்சுப் பாருங்க.

யோசிக்காமல் மாற்ற வேண்டியவை: மூழ்கிய பிரேக்கர்கள், ஜிஎஃப்சிஐ பிளக் பாயின்ட், பவர் பார், நனைந்த லித்தியம் பேட்டரி, கேஸ் ஃபர்னஸின் வால்வு, கண்ட்ரோல் போர்டு. இவை வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே நம்ப முடியாது. தேவைப்படும் நேரத்தில் ட்ரிப் ஆகாத பிரேக்கர் வீட்டையே எரிக்கும்.

தெரிந்தவர் மட்டும் தொட வேண்டியவை: வாஷர், டிரையர் மோட்டார்கள், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். மைக்ரோவேவின் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் அளவு சார்ஜ் வைத்திருக்கலாம். ஆனால் மோட்டாரைத் தகுந்த ஆள் சுத்தம் செய்து மீட்கலாம் என்று அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நீமாவின் வழிகாட்டியே சொல்கிறது.

நாமே முயற்சி செய்யக்கூடியவை: ரவுட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர், அணைந்திருந்த டெஸ்க்டாப். தண்ணி சாக்கடை கலந்ததா இருந்தா இதையும் விட்டுடுங்க. எதைச் செய்வதற்கும் முன்னாடி ஒரு விஷயம்: தண்ணியில் நடந்து போய் பேனலைத் தொடாதீங்க. மின் நிறுவனத்தைக் கூப்பிட்டு வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்க.

இப்போ லேப்டாப். இங்கேதான் எனக்குக் கோபம் வருது. முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் குழந்தையின் ஃபோட்டோ கிடைத்துவிடும். இன்றைய மேக்புக்குகளில் ஸ்டோரேஜின் என்க்ரிப்ஷன் அதே போர்டின் சிப்போடு கட்டப்பட்டிருக்கு. பேக்கப் இல்லாதவருக்கு டேட்டா வேணும்னா, அந்த போர்டையே கொஞ்ச நேரமாவது உயிர்ப்பிக்கணும். அதுக்கு சர்க்யூட் வரைபடம் வேணும், சின்னச் சின்ன சிப் வேணும். கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் முழு போர்டை மாற்றுவார்கள். பழைய போர்டோடு டேட்டாவும் போயிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நனைந்த லேப்டாப்போடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகலாம் என்றாவது ஒரு வழி இருந்தது. இங்கே அப்படி ஒரு தெரு இல்லை.

சட்டம்? 2024 நவம்பரில் கனடாவில் சி-244 நிறைவேறியது. ரிப்பேருக்காக டிஜிட்டல் பூட்டை உடைப்பது இனி பதிப்புரிமை மீறல் இல்லை. நல்லது. ஆனால் அது பூட்டை உடைக்க அனுமதி தருதே தவிர, பார்ட்ஸோ மேனுவலோ கொடுக்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்தலை. அது மாகாணத்தின் வேலை. கியூபெக் 2023-லேயே சட்டம் போட்டது. பார்ட்ஸும் ரிப்பேர் தகவலும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற பகுதி 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஒன்டாரியோவில் 2019-ல் மைக்கேல் கோட்டோ கொண்டுவந்த மசோதா 72 இரண்டாம் வாசிப்பிலேயே தோற்றது.

"இன்சூரன்ஸ் இருக்கே, புதுசு வாங்கிக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் பாலிசி பேஸ்மென்ட் வாடகைக்காரரின் பொருள்களுக்குச் செல்லாது. வெள்ளத்துக்கும் சாக்கடை எதிர்வாங்கலுக்கும் பொதுவாகத் தனியாகச் சேர்த்தால்தான் கவர் உண்டு. பேஸ்மென்ட்டில் யார் இருக்காங்க? படிக்க வந்த பசங்க, புதுசா வந்த குடும்பங்கள். ஒரு லேப்டாப் போனால் படிப்பும் வேலையும் சேர்ந்து நிக்கும். ரிப்பேர் உரிமை பொழுதுபோக்குக்காரங்க விவகாரம் இல்லை, இவங்க விவகாரம்.

இந்த வாரம் மூணு வேலை செய்யுங்க. பவர் பாரையும் ரவுட்டரையும் தரையிலிருந்து இரண்டடி மேலே ஏத்துங்க. பேக்கப் ஒண்ணு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கியூபெக் கொடுத்ததை ஒன்டாரியோ ஏன் கொடுக்கலைன்னு உங்க எம்பிபிக்கு நாலு வரி எழுதுங்க. பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க, எபிசோடில் வாசிக்கிறோம்.