பனிமூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்!

"மாசமா இருக்கிறப்போ தலைவலி, கண் மங்கல் எல்லாம் சகஜம்தான். நாங்கெல்லாம் புள்ள பெத்துக்கலையா?" எங்கள் நீலகிரி எஸ்டேட் லைன்களில் இப்படிச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. விடிந்தால் பனிமூட்டம், அடுப்பு மூட்டினால் விறகுப் புகை. கண் மங்கினால் பழி இவற்றுக்குத்தான். கால் வீங்கினாலோ, "நாள் பூரா சரிவுல நின்னு கொழுந்து பறிச்சா வீங்காதா?" என்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து லைன் பெண்ணுக்கு எட்டாம் மாதம். கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மாமியார் தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தார். கணவரோ, கண்ணாடி வாங்கித் தரலாம் என்று குன்னூருக்குக் கூட்டிப் போனார். நல்லவேளை, கண் பரிசோதித்தவர், "முதல்ல பிரஷர் பாத்துட்டு வாம்மா" என்று அனுப்பினார். பார்த்தால் 170/110! அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்தில் பார்வையும் தெளிந்தது.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து, அது விலகியும் விடும். சிலருக்கு மூளையில் பார்வைக்கான பகுதி வீங்கி, கண் நன்றாக இருந்தும் பார்வை போய்விடும். பிரசவமாகி அழுத்தம் தணிந்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது. ஆனால், கண் சொல்லும் எச்சரிக்கையைத் தட்டிக் கழித்தால் அடுத்து வருவது வலிப்பு. அது இரண்டு உயிருக்கும் ஆபத்து. மெக்னீசியம் சல்பேட் ஊசி இந்த வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002ல் வெளியான, 33 நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. அந்த ஊசிக்கும் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டுமே!

மாதந்தோறும் 9ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை 2016லிருந்து நடக்கிறது. ஆனால், "போனா ஒரு நாள் கூலி போயிடுமே" என்று தயங்குகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். செக்கப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கொழுந்து எடை போடும் இடத்திலேயே வாரம் ஒரு முறை கர்ப்பிணிகளுக்கு பிரஷர் பார்க்க எஸ்டேட் நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யலாம். செலவு பெரிதில்லை.

மாமியார்களே, அம்மாக்களே! மங்கல், மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி, ஒன்று இரண்டாகத் தெரிவது, விடாத தலைவலி, மேல் வயிற்று வலி என்று மருமகளோ மகளோ சொன்னால், "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே 108க்குச் சொல்லுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து போகவே நேரமாகும். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதுவரை கண்ணில் ஒரு கண்ணாக இருங்கள்.

– ஒரு வாசகி, குன்னூர்.